புல்லுக்குப் பாடம் சொன்னது யார்?

கரடிப்பாறையின் அடிவாரத்தில் ஒரு குளம் இருந்தது. குளத்தை ஒட்டி ஒரு வயல் இருந்தது. அந்த வயலில் மனிதர்கள் யாரும் கால் வைத்ததில்லை. குளக்கரை மிருகங்களும் பறவைகளுமே அதில் நெல் விளைவித்துச் சாப்பிட்டு வந்தன.

உழவு வேலை காட்டுப்பன்றி மொந்தனுடையது. அப்படி ஒரு மூக்கு இருக்கும்போது ஏர் எதற்கு! முளைத்துக் கிடக்கும் களையையெல்லாம் சேற்றோடு புரட்டி அடியில் அமுக்கிவிடுவான். நெல் வேர் பிடித்ததும் வாத்து நீராயி தன் குஞ்சுகளோடு வயலில் இறங்குவாள். தண்ணீருக்குள் தலையை விட்டு, இளம் களையாகப் பார்த்துக் கொத்தித் தின்பாள். வரப்பு வேலை முயல் வெடுக்கனுடையது. வெடுக் வெடுக்கென்று கடித்தே வரப்பை மொட்டையாக்கிவிடுவான்.

இவ்வளவுக்கும் தப்பி, சில புற்கள் நெல்லோடு நெல்லாக வளர்ந்து நிற்கும். குதிரைவாலிப் புல் அப்படிப்பட்டது. இளசாக இருக்கும்போது நெல் எது, புல் எது என்று சொல்லவே முடியாது. அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். புல் பூக்கும் சமயம் நெருங்கியதும், அது பூப்பதற்கு முன்னால், எல்லோரும் ஒன்றாக வயலில் இறங்குவார்கள். ஒரு தூர் விடாமல் தேடிப் பிடுங்குவார்கள். இதற்குப் 'பூமுன்களை' என்று பெயர். ஏன் பூப்பதற்கு முன்னால் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. சேற்றில் புரளலாம், ஒருவர்மேல் ஒருவர் சேற்றை வாரி அடிக்கலாம். அது போதாதா?

அறுவடை ஆனதும் நெல்லைப் பங்கு பிரிப்பார்கள். வேலை செய்தவருக்குப் பங்கு உண்டு, செய்யாதவருக்கு இல்லை. அங்கே இருந்தது இந்த ஒரு சட்டம்தான்.

சண்டை வந்தால் கொக்கிடம் போவார்கள். குளத்தின் மேற்கு மூலையில், எப்போதும் ஒரே இடத்தில், ஒற்றைக் காலில் நிற்பவர் அவர். மீன்தான் அவருக்குச் சாப்பாடு, நெல்லைத் தொடமாட்டார். நெல்லில் பங்கு கேட்காதவர் நியாயம் பேசுவார் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. கொக்கையா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். கொக்கையாவுக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. யார் அந்தப் பக்கம் போனாலும் பிடித்து வைத்துச் சொல்லுவார்.

"இந்தக் குளத்து மீன் முன்ன மாதிரி இல்லப்பா! நான் வந்த புதுசுல தண்ணிக்குள்ள வெள்ளி வெள்ளியா மின்னும். மின்னுறதைப் பார்த்து ஒரு கொத்து, அவ்வளவுதான்! இப்ப பாரு, எல்லாமே சேத்து நிறம். எங்க இருக்குன்னே தெரியல!"

"உங்களுக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு, கொக்கையா!" என்று வெடுக்கன் சொல்லிவிட்டு ஓடுவான். கொக்கையா முறைப்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் மரநாய் கமழன் வயலுக்கு வந்தான்.

கமழன் அதுவரை வயல் பக்கம் எட்டிப் பார்த்தவனில்லை. பனை மரத்தில் தூங்குவதும் பழம் தேடித் தின்பதுமே அவன் பிழைப்பு. அந்த வருடம் காட்டில் பழம் குறைந்து போயிற்று. மரநாய்க்கு நெல் எதற்கு என்று கேட்காதீர்கள். பசி வந்தால் எல்லோருக்கும் எல்லாமே சாப்பாடுதான்.

அவன் தோளில் ஒரு மூங்கில் குழாய் தொங்கியது.

"என்னடா அது?" என்று மொந்தன் கேட்டான்.

"மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கசப்புக் கொடி இருக்கு, மாமா. இது அதோட சாறு. இது பட்டா களை கருகிடும். நெல்லுக்கு ஒண்ணும் ஆகாது!"

"எங்க காதுல பூ சுத்தாதே!"

"சுத்தல மாமா! நீங்களே பாருங்க!"

கமழன் வாலைச் சாற்றில் நனைத்து வயலின் ஒரு பக்கத்தில் உதறிக்கொண்டே போனான். இரண்டு நாளில் அந்தப் பக்கத்துக் களை தலை சாய்ந்தது. மூன்றாம் நாள் மஞ்சளானது. பிறகு கருகிச் சேற்றில் படுத்துவிட்டது. நெல் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

எல்லோரும் அசந்து போனார்கள். மொந்தன் கமழனைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி வந்தான்.

"இனிமே மூக்கைத் தேய்ச்சு உழ வேண்டாம்! லேசா கீறிவிட்டாப் போதும்!" என்றான் மொந்தன்.

"எனக்கும் பல்லு கூசுறது நிக்கும்!" என்றான் வெடுக்கன்.

நீராயி மட்டும் கேட்டாள். "அப்ப எனக்கு என்ன வேலை?"

"உனக்கு இனிமே ஓய்வு, அக்கா!" என்று கமழன் சிரித்தான்.

"ஓய்வுக்குப் பங்கு உண்டா?"

மொந்தன் காதைச் சொறிந்தான். வெடுக்கன் வானத்தைப் பார்த்தான். கடைசியில் மொந்தன்தான் முணுமுணுத்தான். "வேலை செஞ்சவங்களுக்குத்தானே பங்கு... அது நம்ம வழக்கமாச்சே, நீராயி."

மொந்தனுக்கு உழவு இருந்தது. வெடுக்கனுக்கு வரப்பு இருந்தது. களை தின்பதைத் தவிர வேறு வேலை தெரியாதவள் நீராயி ஒருத்திதான். அந்த அறுவடையில் அவள் பங்கு கமழனுக்குப் போயிற்று. அவள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குளத்து நத்தையைத் தேடிப் போனாள். எனக்கு இந்த இடத்தில் மொந்தன்மேல் கோபம் வருகிறது. ஆனால் அவன் கெட்டவன் இல்லை. வசதி வந்த இடத்தில் நியாயத்தை யோசிக்க மறந்துவிட்டான், அவ்வளவுதான்.

அந்த அறுவடைக்கு முன்பே ஒன்று நடந்திருந்தது. நெல் கதிர் தள்ளும் சமயத்தில் வெடுக்கன் வரப்பில் நின்று பார்த்தான். வடக்கு மூலையில் குதிரைவாலிப் புல் நாலைந்து தூர் கருகாமல் நின்றது. சாறு பட்ட தழும்புகூட அதில் இல்லை.

"மாமா! வடக்கு மூலையில கொஞ்சம் புல்லு நிக்குது. பூமுன்களைக்கு இறங்கலாமா?" என்று கேட்டான்.

மொந்தன் மருத மர நிழலில் படுத்திருந்தான். "நாலு தூருக்காகவா சேத்துல இறங்கணும்? போடா!"

"சாறு அங்க சரியா படல போல. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் உதறிடறேன்" என்றான் கமழன்.

அந்த வருடம் பூமுன்களை இல்லை. வடக்கு மூலைப் புல் நிம்மதியாகப் பூத்தது, விதைத்தது, உதிர்த்தது. விதை விழும் சத்தம் யாருக்குக் கேட்கும்?

அடுத்த போகத்தில் வடக்கு மூலை முழுவதும் புல்லாக இருந்தது. கமழன் சாற்றை உதறினான். பாதிப் புல்கூடச் சாகவில்லை. "சாறு போதல!" என்று இன்னொரு குழாய் கொண்டுவந்தான். அதற்கு அடுத்த போகத்தில் புல் வயலின் நடுப்பகுதி வரை வந்துவிட்டது. மூன்று குழாய் கொண்டுவந்தான். நெல்லின் நுனி கருக ஆரம்பித்தது. வாய்க்கால் தவளைகள் கத்துவதை நிறுத்திவிட்டன. புல் மட்டும் குளித்துவிட்டு வந்ததுபோல் தளதளவென்று நின்றது.

அதற்கும் அடுத்த போகம் வந்தபோது வயலில் நெல்லைத் தேட வேண்டியிருந்தது. ஒவ்வொரு நெல் தூருக்கும் பக்கத்தில் ஒரு புல் தூர், நெல்லின் உரத்தைத் தின்று, நெல்லைவிட ஒரு சாண் உயரமாக நின்றது. குதிரில் பழைய நெல் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கோடை வரப்போகிறது. எல்லோரும் பயந்தார்கள்.

அதிகமாகப் பயந்தவன் கமழன்தான். அவனுடைய பங்கும் பேரும் அந்த மூங்கில் குழாயில்தான் இருந்தன.

"கொடி அதே கொடி! சாறு அதே சாறு! நானும் அதே ஆளு!" என்று அவன் கத்தினான். "அப்ப வேற யாரோ ஏதோ செஞ்சிருக்காங்க! சாறைத் தாங்கறதுக்குப் புல்லுக்கு யாரோ பாடம் சொல்லிக் கொடுத்திருக்காங்க!"

"யாரு?" என்றான் மொந்தன்.

"யாருக்குப் பங்கு போச்சோ அவங்களுக்குத்தானே வயித்தெரிச்சல் இருக்கும்?"

எல்லோரும் குளத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். நீராயி தன் புதுக் குஞ்சுகளோடு நீந்திக்கொண்டிருந்தாள்.

வெடுக்கனுக்கு வாய் சும்மா இருக்காது. "ஆமா! நேத்துகூட வயல் ஓரத்துல நின்னு புல்லோட பேசிக்கிட்டு இருந்தா! நானே பார்த்தேன்!" என்றான்.

இதற்குமேல் என்ன வேண்டும்? மறுநாள் காலையில் குளத்தின் மேற்கு மூலையில் கூட்டம் கூடியது. கொக்கையா வழக்கம்போல் ஒற்றைக் காலில் நின்றார். நீராயியை நடுவில் நிறுத்தினார்கள். குஞ்சுகள் அவள் காலடியில் ஒண்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை, உடம்பெல்லாம் மஞ்சள் பஞ்சுதான்.

"கொக்கையா! இவ புல்லுக்குத் துரோகப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கா. சாறைத் திருடிக் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டிப் பழக்கியிருக்கா. இவளைக் குளத்தை விட்டு அனுப்பணும்!" என்றான் கமழன்.

கரடிப்பாறைக்கு அந்தப் பக்கம் மழைக்காலம் வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவள் பறந்துவிடுவாள். குஞ்சுகளால் பறக்க முடியாது. அனுப்பு என்று அவர்கள் சொன்ன சொல்லுக்கு அர்த்தம் குஞ்சுகளின் சாவுதான். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை.

"நீராயி, நீ புல்லோட பேசினது உண்மையா?" என்று கொக்கையா கேட்டார்.

"உண்மைதான், கொக்கையா."

கூட்டம் சலசலத்தது.

"என்ன பேசினே?"

"திட்டினேன்! 'எம் பிள்ளைங்க சாப்பாட்டையெல்லாம் தின்னுட்டு எப்படிக் கொழுத்து நிக்கறே பாரு'ன்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டினா ஒரு புல்லு வளருமா, கொக்கையா?"

"நடிக்கிறா!" என்றான் கமழன்.

கொக்கையா கொஞ்சம் யோசித்தார். "புல்லையே கேட்டுடலாம்" என்றார். வயல் பக்கம் கழுத்தை நீட்டி, வரப்பை ஒட்டி நின்ற ஒரு குதிரைவாலிப் புல்லைக் கூப்பிட்டார்.

"ஏ புல்லே! சாறைத் தாங்க உனக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

புல் காற்றில் மெதுவாக ஆடியது. "யாரும் சொல்லிக் கொடுக்கல" என்றது. "நான் பொறந்ததிலேருந்து எனக்கு அது வெறும் தண்ணிதான். கசக்கும், அவ்வளவுதான்."

"பொய்! உங்க ஆளுங்க கருகிச் செத்ததை என் கண்ணால பார்த்தேன்!" என்று கமழன் குதித்தான்.

"இருக்கலாம். செத்தவங்களை எனக்குத் தெரியாது" என்றது புல். "நான் சாகாதவங்க பிள்ளை. இதோ பக்கத்துல நிக்கறது, அதுக்குப் பக்கத்துல நிக்கறது, எல்லாமே சாகாதவங்க பிள்ளைங்கதான். செத்தவங்களுக்கு ஏது பிள்ளை?"

கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மொந்தன் மூக்கை உறிஞ்சினான். "புல்லும் இவளும் கூட்டு. புல்லு இவளைக் காட்டிக் கொடுக்குமா?" என்றான். "ஆமா! ஆமா!" என்று கூட்டம் சத்தம் போட்டது. கொக்கையாவுக்கும் வேறு வழி தெரியவில்லை. தீர்ப்புச் சொல்லத் தொண்டையைச் செருமினார்.

நீராயி குஞ்சுகளைப் பார்த்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த ஆத்திரம் எல்லாம் பொங்கி வந்துவிட்டது.

"சொல்லுங்க, கொக்கையா, சொல்லுங்க!" என்று கத்தினாள். "புல்லைக் கெடுத்தது நான்தான்! தவளை வாயை அடைச்சது நான்தான்! உங்க குளத்துல வெள்ளி மீனெல்லாம் சேத்து நிறமா மாறிப்போச்சே, அதுக்குச் சாயம் பூசினவளும் நான்தான்! அதையும் சேத்துச் சொல்லுங்க!"

வெடுக்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிலர் கூடவே சிரித்தார்கள்.

கொக்கையா சிரிக்கவில்லை. தீர்ப்புச் சொல்லத் திறந்த அலகு திறந்தபடியே நின்றது. அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். அவர் காலடியில் ஒரு மீன் நீந்திப் போனது. சேற்றின் நிறத்தில் இருந்ததால் அசைந்தபோதுதான் அது மீன் என்றே தெரிந்தது. மடக்கி வைத்திருந்த இன்னொரு காலையும் அவர் மெதுவாகத் தண்ணீருக்குள் ஊன்றினார். கொக்கையா இரண்டு காலில் நின்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு அடங்கிவிட்டது.

"நான் தினமும் இந்த இடத்துலதான் நிக்கறேன்" என்று அவர் தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார். "மின்னுற மீனா பார்த்துக் கொத்தறேன். ஏன்னா அதுதான் கண்ணுக்குத் தெரியும். சேத்து நிறத்துல இருக்கறதைக் கண்டுக்கறதில்ல. மின்னினதெல்லாம் என் வயித்துக்குள்ள போச்சு. மின்னாதது மிஞ்சிச்சு. மிஞ்சினதுதான் குஞ்சு பொரிச்சது. அந்தக் குஞ்சுலயும் மின்னினதை நான் தின்னேன்..."

அவர் மறுபடியும் தண்ணீரைப் பார்த்தார். "யாரும் சாயம் பூசலப்பா. இத்தனை வருஷமா இந்தக் குளத்துலேருந்து நானே வெள்ளியைப் பொறுக்கி எடுத்துட்டேன். சேறு மட்டும் மிச்சம்."



கொக்கையா கமழன் பக்கம் திரும்பினார். "உன் சாறு பொய் இல்ல, கமழா. சாகக்கூடிய புல்லையெல்லாம் அது கொன்னுடுச்சு. ஆயிரத்துல ஒண்ணு அதுக்குச் சாகாம பொறந்திருக்கும். அது முன்னாடியும் இருந்திருக்கும். முன்னாடி அதை மொந்தன் புரட்டிடுவான். அவன் விட்டா நீராயி கொத்திடுவா. அவ விட்டா எல்லாரும் இறங்கிப் பிடுங்கிடுவீங்க. சாறுக்குச் சாகாத புல்லு மொந்தன் மூக்குக்குச் செத்துப்போகும். எல்லாத்துக்கும் தப்பிக்கிற புல்லு எங்கே பொறக்கும்? நீங்க எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரே அடியைத் திருப்பித் திருப்பி அடிச்சீங்க. அந்த அடிக்குச் சாகாத நாலு தூரையும் பூக்க விட்டீங்க."

வெடுக்கன் தலையைக் குனிந்துகொண்டான். "வடக்கு மூலை" என்று முனகினான். "நான் பார்த்தேன். சொன்னேன். அப்புறம் நானும் விட்டுட்டேன்."

"புல்லுக்கு யாரும் பாடம் சொல்லல. நாமதான் பரீட்சை வெச்சோம். தேறினதை மட்டும் விதைக்கு விட்டோம்" என்றார் கொக்கையா. "நீராயிமேல குத்தம் இல்ல. இந்தக் கூட்டத்துல குத்தம் இல்லாதவ அவ ஒருத்திதான்."

நீராயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குஞ்சுகள் அவள் சிறகுக்குள் புகுந்துகொண்டன. சந்தோஷத்தில் அழுதாளா, கோபத்தில் அழுதாளா என்று அவளுக்கே தெரியாது.

ஆனால் தீர்ப்பு வயிற்றை நிரப்பாதே! வயலில் புல் கதிர் தள்ளி நின்றது. இன்னும் பூக்கவில்லை. இரண்டொரு நாளில் பூத்துவிடும். அது விதைத்துவிட்டால் அடுத்த போகத்தில் நெல்லையே மறந்துவிட வேண்டியதுதான்.

மொந்தன் நீராயியின் முன்னால் வந்து நின்றான். அவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிந்தான். "நீராயி... வயல்ல இறங்கறியா?"

"பொழுது விடிஞ்சதும் என்னைத் துரத்த வந்தீங்க. இப்ப வேலைக்குக் கூப்பிடறீங்க!" என்றாள் நீராயி. "எனக்கு மனசு ஆறல, மாமா. அதைச் சொல்லிடறேன்."

"ஆறாதுதான்" என்றான் மொந்தன்.

அவள் வயலைப் பார்த்தாள். குஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"இறங்கறேன். ஆனா நான் மட்டும் இறங்கமாட்டேன். என்னை மட்டும் நம்பினா, நாளைக்கு நானும் உங்களுக்கு இன்னொரு சாறு ஆயிடுவேன். வாத்துக்குத் தப்பிக்கிற புல்லு ஒண்ணு வந்து நிக்கும். எல்லாரும் இறங்கணும்!"

எல்லோரும் இறங்கினார்கள். நெருக்கமாகப் புல் நின்ற வடக்குப் பாதியை மொந்தன் நெல்லோடு சேர்த்தே புரட்டிப் போட்டான். கதிர் வந்த நெல்லைப் புரட்டுவது சும்மாவா? அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தது. தெற்குப் பாதியில் நெல்லை விட்டுப் புல்லை மட்டும் தேடித் தேடிப் பிடுங்கினார்கள். வெடுக்கன் புல்லின் கதிரைக் கடித்து எறிந்தான். சேறு பட்டால் நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருக்கும் கமழன், கழுத்தளவு சேற்றில் நின்று இரண்டு கையாலும் பிடுங்கினான். கொக்கையாகூட வந்து அலகால் இழுத்தார். யாரும் சேற்றை வாரி அடித்து விளையாடவில்லை.

வரப்போரம் சாட்சி சொன்ன புல்லின் முறை வந்தது. நீராயி அதன் முன்னால் நின்றாள்.

"எங்கமேல அவ்வளவு கோபமா?" என்று புல் கேட்டது.

"கோபம் இல்ல. பசி" என்றாள் நீராயி.

"எங்களுக்கும் அதேதான்" என்றது புல். நீராயி ஒரு கணம் தயங்கினாள். பிறகு வேரோடு பிடுங்கினாள்.

அந்த வருடம் குதிர் பாதிகூட நிறையவில்லை. கோடையில் எல்லோரும் இளைத்தார்கள். மொந்தனின் விலா எலும்பைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். ஆனால் நீராயியின் பங்கு அவளுக்கு வந்தது. குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது. குளத்தை விட்டு யாரும் போகவில்லை.

அடுத்த போகத்தில் மொந்தன் பழையபடி ஆழ உழுதான். நீராயியும் பிள்ளைகளும் தண்ணீரில் இறங்கினார்கள். வெடுக்கன் வரப்பைக் கடித்தான். கமழனின் மூங்கில் குழாயை யாரும் உடைக்கவில்லை. எப்போதாவது, மற்றவர்களால் முடியாத இடத்தில் மட்டும், எல்லோரையும் கேட்டுக்கொண்டு அவன் அதைத் திறந்தான். கொக்கையா மேற்கு மூலையை விட்டுவிட்டு, ஒரு நாள் ஒரு கரை என்று குளத்தைச் சுற்றி வந்தார். கிழக்குக் கரையில் ஒரு நாள் தண்ணீருக்குள் வெள்ளியாக ஒன்று மின்னியது. அவருக்கு வாயெல்லாம் ஊறியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அது போனபிறகுதான் திறந்தார்.

பூமுன்களையும் திரும்பி வந்தது. எல்லோரும் இறங்கித் தேடினார்கள், பிடுங்கினார்கள். இந்தத் தடவை சேற்றையும் வாரி அடித்துக்கொண்டார்கள். வேலை முடிந்து எல்லோரும் கரையேறிக் குளத்தில் குளித்துவிட்டார்கள். கமழன் மேலைக் கழுவி, வாலை உலர்த்தி, பனை மரத்தில் ஏறக் கால் வைத்தான். ஏறும் முன் ஒரு தடவை வயலைத் திரும்பிப் பார்த்தான்.

வடக்கு மூலையில் ஒரே ஒரு தூர் புல் நின்றது.

"ஒரு தூருதானே, கமழா! விடு!" என்று மொந்தன் நிழலில் படுத்தபடி கூப்பிட்டான்.

கமழன் மரத்திலிருந்து காலை எடுத்தான். கழுவின மேலோடு மறுபடியும் சேற்றில் இறங்கி, வயலைக் குறுக்கே கடந்து, அந்த ஒரு தூரை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தான். மொந்தன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு அவனும் வயலில் இறங்கி, இன்னும் ஏதாவது நிற்கிறதா என்று வரப்பு வரப்பாகத் தேட ஆரம்பித்தான்.

ஒரே ஆயுதத்தை நம்பி ஓயாமல் அடிப்பவன், அந்த ஆயுதத்துக்குச் சாகாத எதிரியைத் தன் கையாலேயே பொறுக்கி வளர்க்கிறான்.